மெத்தைக் கம்பெனியின் மானநஷ்டம்

மாலையின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! சபையைச் சிறப்பிக்கும் சான்றோர்களே! முன்வரிசையில் அமர்ந்து முறைக்கும் என் மனைவி உள்ளிட்ட தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

மனிதனுக்கு மானம் உண்டு. கம்பெனிக்கு உண்டா? உண்டு! சட்டமே சொல்கிறது, உண்டு! அந்த மானத்தால் என் அக்காவின் தையற்கடை பறிபோகப் பார்த்த கதையைக் கேளுங்கள்.

அக்கா ஒரு மெத்தை வாங்கினாள். மென்மையான மெத்தை, மேன்மையான மெத்தை, ஆறே மாதத்தில் நடுவில் அமுங்கிப்போன மெத்தை! தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு ஓரமா படுக்குறோம். விடியும்போது ரெண்டு பேரும் நடுப்பள்ளத்துல கிடக்குறோம். யாரும் இதை வாங்காதீங்க."

என்ன ஐயா, பின்வரிசையில்? எந்தக் கம்பெனி என்கிறீர்களா? கூட்டம் முடிந்ததும் வாருங்கள், காதோடு சொல்கிறேன்.

கம்பெனி வழக்குப் போட்டது. மானநஷ்டத்துக்கு ஈடாக ஐம்பது லட்சம்! "கடையோட என்னையும் சேர்த்து வித்தாக்கூட இவ்வளவு வராதேடா" என்று அக்கா விம்மினாள்.

"கோர்ட்டுல நான் பேசுறேன்க்கா."

"நீ வாயைத் திறந்தா நஷ்டஈடு ரெண்டு மடங்காயிடும். பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். கம்பெனி வக்கீல் முழங்கினார்: "என் கட்சிக்காரர் மனம் நொந்தார், நெஞ்சம் குமுறினார், தூக்கம் இழந்தார்!"

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மெத்தைக் கம்பெனிக்கே தூக்கம் வரலையா? வக்கீல் சார், கம்பெனிக்குப் பேர் இருக்கு, வியாபாரம் இருக்கு. நோகுறதுக்கு மனசு கிடையாது. வியாபாரம் எவ்வளவு குறைஞ்சதுன்னு காட்டுங்க."

சாட்சிக் கூண்டில் ஏறினார் விற்பனை மேலாளர். திங்கட்கிழமைதோறும் முதலாளி முன் நின்று, விற்பனை குறையவே இல்லை என்று சாதித்துச் சாதித்தே சம்பளம் வாங்கியவர். அன்றும் எதிரே முதலாளி! பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

"விற்பனை குறைஞ்சுபோச்சு, அப்படித்தானே?" என்று கேட்டார் அக்காவின் வக்கீல்.

"குறைஞ்சுதா? நான் இருக்கும்போதா? இப்பதான் சார் அமோகம்! பள்ளத்தைப் பார்க்கணும்னு வர்றவங்க கட்டிலும் சேர்த்து வாங்கிட்டுப் போறாங்க!"

கம்பெனி வக்கீல் இருமினார். மேலாளர் நிறுத்துவாரா? நீதிபதியின் பக்கம் திரும்பினார்: "அம்மா, உங்க வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பட்டுமா?" முதலாளி நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அந்தம்மா நடந்ததைத்தான் எழுதியிருக்காங்க. உங்களுக்கு நஷ்டமும் இல்ல. வழக்கு தள்ளுபடி" என்றார் நீதிபதி.

பெரியோர்களே! கம்பெனியின் பெயரும் பெயர்தான். பொய் சொல்லி அதைக் கெடுப்பது பிழைதான். இழந்திருந்தால் கேட்கட்டும், காட்டிக் கேட்கட்டும், கணக்கோடு கேட்கட்டும்! ஆனால், இல்லாத கண்ணின் கண்ணீருக்கு ஒரு தையற்காரியின் பிழைப்பைக் கேட்கலாமா? பட்டதைச் சொன்ன வாயைப் பூட்டலாமா? பூட்டினால் அடுத்த பள்ளத்தில் படுக்கப்போவது யார்? நீங்கள்! நான்! என்னோடு என் மனைவி! அவளைக் கேளுங்கள், அந்தக் கொடுமை புரியும்.

மறுநாள் காலையில் அக்கா கடையைத் திறந்தாள். முதல் ஆளாக வந்து நின்றார் அந்த மேலாளர்.

"இன்டர்வியூக்குப் போறேம்மா. நல்லதா ஒரு சட்டை தைச்சுக் குடுங்க."

"ஐயோ, வேலை போயிடுச்சாண்ணா?"

"போறதா! நான்தாம்மா கம்பெனியை வேணாம்னு விட்டுட்டேன்."

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளவெடுக்கத் தொடங்கினாள்.

கொட்டாவியைக் கைக்குள் மறைத்துக் காத்த கண்ணியவான்களுக்கும், மறைக்காமல் விட்ட நேர்மையாளர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.