முதல் வகுப்பில் சொன்னது

சிவநந்தினி டீச்சர், அச்சுப் படம் செதுக்கும் லினோத் தகடு குளிர்ந்திருந்தால் செதுக்க வராது, கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்தால் இளகிவிடும் என்று முதல் வகுப்பில் நீங்கள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நாற்பத்தாறு வயதில் நானும் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்திருந்தேன். அன்று நான் வரைந்த மிளகுக் கொடியைத் தூக்கிக் காட்டி, "கை நல்லா வருது நஸ்மியா" என்றீர்கள். அதற்கு முன் என் கையை யாரும் பாராட்டியதில்லை. அலுவிகாரையில் என் வீடு வரை பஸ் ஏறாமல் நடந்தே போனேன்.

அடுத்த சனிக்கிழமை இராஜகுமாரி வந்தாள். பலாபத்வலையில் பிளவுஸ் தைப்பவள். கல்யாண ஓடர் இருந்ததால் முதல் வகுப்புக்கு வரவில்லை. தையல் மெஷினின் மிதியில் பூனை தூங்குவதை வரைந்தாள். நீங்கள் வெகுநேரம் அதையே பார்த்தீர்கள். "கண்டி கண்காட்சிக்கு நம்மகிட்ட இருந்து ஒண்ணுதான் போகும். இதுதான்" என்றீர்கள். பிறகு என்னிடம், "போன கிழமை சொன்னதெல்லாம் இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போனீர்கள்.

சொல்லிக் கொடுத்தேன். படம் அச்சில் இடம் வலமாக மாறி விழும் என்று சொன்னேன். மையை மெல்லிசாக உருட்டச் சொன்னேன். பெட்டியில் இரண்டு உளிகள் மிச்சம் இருந்தன; கூரானதை நான் எடுத்தேன். முந்தி வந்தவள் எடுப்பது வழக்கம்தானே. மொட்டை உளி வழுக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவளுடைய லினோ அலமாரியில் இருந்து அப்போதுதான் வந்தது, சில்லென்று இருந்தது. என்னுடையதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உளி போகும் வழியில் மற்றக் கை இருக்கக் கூடாது, எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் மூன்று தரம் சொன்னதை.

அவளுடைய மொட்டை உளி வழுக்கி, அவள் இடது பெருவிரலின் அடியில் இறங்கியது. என் ஷோலால் கட்டி, த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நான்தான். நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். அந்த விரல் இனி மடங்காதாம். ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளிக் கொடுப்பது அந்தக் கைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள், "ஒண்ணும் தெரியாம நான்தான் கைய வச்சிட்டேன். நீங்க இல்லாட்டி என்ன ஆயிருப்பேனோ, அக்கா" என்றாள்.

"அல்லாஹ்ட நாட்டம்" என்றேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நீங்கள் வகுப்பையே நிறுத்திவிட்டீர்கள். நேற்று வீட்டுக்கு வந்து, "கை விஷயத்தையும் சொன்னீங்கதானே?" என்று கேட்டீர்கள். "அவசரத்துல மறந்துட்டேன் டீச்சர்" என்றேன். "ஒங்க மேல பிழை இல்ல, நான்தான் பக்கத்துல நின்னிருக்கணும்" என்று அழுதீர்கள். அழுதுகொண்டே, பூனைக்குப் பதிலாக என் மிளகுக் கொடியை அனுப்பியிருப்பதாகவும் சொன்னீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெட்கம் கெட்டவள் நான்.

நான் மறக்கவில்லை டீச்சர். அவள் கை உளிக்கு முன்னால் போனதைப் பார்த்தேன். பார்த்ததும் குனிந்து, என் கை பின்னால் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டேன்.