முருகேசன் என்கிற பெயர்

எங்கள் இன்னிசைக் குழுவுக்குப் பாடகன் முருகேசனின் பெயரையே வைத்திருந்தோம். வக்கீலான நான் அதை அவனுக்குத் தெரியாமல் என் பெயரில் பதிவு செய்தேன். பல வருஷம் முன்பு எங்களுக்குள் சண்டை வந்ததும், அந்தப் பெயரில் அவனைப் பாடவிடவில்லை.

போன வாரம் கல்யாண் லோக்கல் ரயிலில் தாராவிப் பையன்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“சலீம் பேண்டுன்னு என் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணியாச்சுல.”

“ஏல, சலீம் நான்லா!”

“பேரு ஒனக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் எனக்கு.”

“நாளைக்கு நான் தனியா ஷோ பண்ணணும்னா?”

“எங்கிட்ட கேளு, பெர்மிஷன் தாரேன். நீ நம்ம தோஸ்துல்லா?”

மறுநாளே செம்பூரில் முருகேசன் வீட்டுக்குப் போய், பெயரை அவனுக்கே பத்திரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் டீ கொடுத்தான்.

“இத்தனை வருஷமா ஜெயராஜ்னு பேரை மாத்தியே பாடிட்டேன். முருகேசன்னு போட்டா இப்ப எவண்டா கூப்பிடுவான்? நீயே வெச்சுக்கோ” என்று பத்திரத்தைத் திருப்பித் தந்தான்.