திருப்தியாகச் சாப்பிடும் வாடிக்கையாளர்

எடுத்துடறேன் எடுத்துடறேன்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா. நீங்க செஞ்ச லாட்ஜு வெப்சைட்டுலேருந்து படத்தை எடுக்கச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா? அது எந்தத் தேதியில புடிச்ச படம்னுதான கேட்டேன். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. சும்மா கம்ப்யூட்டரைப் பாத்து டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தா நான் போயிடுவேன்னு நெனைக்காதீங்க தம்பி.

உக்காரல்லாம் வேணாம். டீயும் வேணாம். போன வாரம் வந்தப்பவே குடிச்சாச்சு, முன்னாடி உக்காந்திருக்கே இன்ஷா, அந்தப் பொண்ணு வாங்கிக் குடுத்துச்சு. உங்க ஆபீஸ்லயே மனுசரை மதிச்சுப் பேசுறது அது ஒண்ணுதான். நீங்க போனை எடுத்தீங்களா? ஏழு தடவை அடிச்சேன். திருவெள்ளறையிலேருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்து உங்க மாடிப்படி ஏறினா, சார் மீட்டிங்ல இருக்காராம்ல, மீட்டிங்.

என்னது, சர்வர் வேலை செய்யலையா? யாருகிட்டங்க சொல்றீங்க? நான் ரேஷன் கடையில பில்லு போடுறவ. சர்வர் இல்ல, நாளைக்கு வாங்கன்னு தெனம் இருவது பேரைத் திருப்பி அனுப்புறவளே நான்தான். அதெல்லாம் எங்கிட்ட வேகாது.

எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லணுமா? சரி, கேளுங்க. எம் பேரு விஜயராணி. எங்க அக்கா மக சென்னையில இருக்கா. மாரியம்மனுக்கு வேண்டுதல், குடும்பத்தோட வரணும்னு, சமயபுரம் லாட்ஜு, சாப்பாடுன்னு போன்ல தேடியிருக்கா. மொதப் படமே எங்க வீட்டுக்காரர் ராமர். இலை போட்டு உக்காந்து, வாய் நெறையச் சோத்தோட. சித்தி இதைப் பாருன்னு அனுப்பினா. அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதலை அவ.

அவருதான், சந்தேகமே இல்ல. எடது கையை இலையோரம் ஊணிக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு. எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

அந்தப் படத்துக்குள்ள நீங்க எழுதி வச்சிருக்கறதை இன்ஷா படிச்சுக் காட்டுச்சு. திருப்தியாகச் சாப்பிடும் வாடிக்கையாளர், சமயபுரம் குடும்ப லாட்ஜ். நம்ம கண்ணுக்குத் தெரியாதாம், கூகுள் மட்டும் படிக்குமாம், படிச்சுட்டு ஆளை இழுத்துக்கிட்டு வருமாம். திருப்தியாமே, திருப்தி! இருவத்திரெண்டு வருசம் ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு உப்பு கூட, ஒரு நாளைக்கு உறைப்பு பத்தலைம்பாரு. கடைசியா ஆனி மாசக் கடைசியில ஒரு நாள் தட்டைத் தள்ளி விட்டாரு. ரசமெல்லாம் தரையில. எங்கயாச்சும் போய்த் தின்னுங்கன்னு நானும் கத்திட்டேன். சட்டையை மாட்டிக்கிட்டுப் போனவருதான். போனைக்கூட எடுத்துக்கலை.

அவரையே கேக்கறதா? கேக்க முடிஞ்சா நான் எதுக்குய்யா உங்க படியேறி வர்றேன்? பேச்சைப் பாரு. போலீஸ்ல அன்னிக்கே எழுதிக் குடுத்தாச்சு. அந்தப் பக்கம் பேச்சை இழுக்காதீங்க.

லாட்ஜுக்காரன்கிட்டயும் போய் நின்னுட்டுத்தான் வர்றேன். ரூம் எடுத்தவங்க பேருதான் நோட்டுல இருக்கும், சாப்பிட்டுப் போறவங்களை யாரு எழுதறாங்குறான். சாப்பாட்டு ஹாலு தொறந்தது வைகாசியில, வெப்சைட்டு வந்தது புரட்டாசியில, நடுவுல உங்க ஆளுங்க நாலஞ்சு தடவை வந்து படம் புடிச்சாங்களாம். எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறவரு. வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடியும் அந்த ரோட்டுலதான் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தாரு. அப்ப ஒரு நாள் சாப்பிட்டிருக்கலாம். இல்ல, அப்புறமா சாப்பிட்டிருக்கலாம். ஆடிக்கு முன்னாடியா, பின்னாடியா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.

தேதி படத்துல இல்லைன்னு நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். இருந்துச்சுங்க. நீங்கதான் கழட்டிட்டீங்க. கேமராவுல புடிச்சா தேதி, மணியெல்லாம் படத்துக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்குமாம். வெப்சைட்டுல ஏத்தறப்ப எடை குறைக்கறதுக்கு அதை உருவி எறிஞ்சிருவீங்களாம். லேசா இருந்தாத்தான் சட்டுனு தொறக்குமாம், கூகுளு மேல தூக்கி வைக்குமாம். நல்ல பொழப்புங்க! நான் அரிசியில நூறு கிராம் குறைச்சா சனம் என் குடுமியைப் புடிச்சிரும். நீங்க ஒரு மனுசன் படத்துல பாதியைக் குறைச்சுட்டு அதுக்குக் காசும் வாங்குறீங்க. பெருசு பண்ணிப் பாத்தா மூஞ்சி கட்டம் கட்டமா வருது. சமயபுரம் லாட்ஜு சாப்பாடுன்னு படத்துக்குப் பேரு வேற வச்சிருக்கீங்க. அந்த ஆளுக்கு ஒரு பேரு இருக்கான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?

மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. அவரு நல்ல படம் எங்க வீட்டுச் செவத்துலயே தொங்குது, உங்க படத்துக்காக நான் அலையலை. மூலப் படம் எங்க? கஸ்டமர் சொத்து, குடுக்கக் கூடாதா? அப்ப என் வீட்டுக்காரர் மூஞ்சி யாரு சொத்து? அதை எந்தக் கஸ்டமர் உங்களுக்கு எழுதிக் குடுத்தான்? நான் கடைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன் தம்பி. நீங்க ஆபீஸைப் பூட்டுற வரைக்கும் இங்கயே நிப்பேன், நாளைக்குத் தொறக்கறப்பவும் நிப்பேன்.

அது என்னா டப்பா? பழைய படமெல்லாம் அதுலயா இருக்கு? இவ்வளவு நேரம் அதை அந்த டிராயர்ல வச்சுக்கிட்டுத்தான் என்கிட்ட சர்வரு கிர்வருன்னு பேசிக்கிட்டு இருந்தீங்களாக்கும். கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. மாட்டுங்கங்கறேன்ல.

இது வாசலு. இது பாத்ரூமு, தள்ளுங்க. இது யாரோ கொழந்தை. தள்ளுங்க. ஆங், நிறுத்துங்க. அதுதான்.

எவ்வளவு தெளிவா இருக்கு. ஷேவிங் பண்ணலை பாருங்க, ரெண்டு வாரத் தாடி இருக்கும். பக்கத்துல பாயசக் கப்பைப் பாத்தீங்களா, அடியில வழிச்சுத் தின்னிருக்காரு. நான் வச்சா இனிப்பு எனக்கு ஆவாதும்பாரு. ஆவாதாமே, பாவி மனுசன்.

தேதி எங்க இருக்கு? கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீங்களே படிங்க. என்னது, செப்டம்பர் அஞ்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, புடிச்ச தேதிதான, கம்ப்யூட்டர்ல ஏத்துன தேதி இல்லியே? மத்தியானம் ஒண்ணே கால்.

செப்டம்பர் அஞ்சுன்னா ஆவணி ஆயிடுச்சு.

தண்ணியெல்லாம் வேணாங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தத் தேதியும் மணியும் ஒரு பேப்பர்ல எழுதி, கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க. படத்தைப் பெருசா பிரிண்டு எடுத்துக் குடுங்க, மூஞ்சி நல்லாத் தெரியணும், எடை கிடை குறைச்சு வைக்காதீங்க. ஸ்டேஷன்ல குடுக்கணும். அவரைத் தேடறதுக்கா? அவரை எதுக்குத் தேடறேன், அவருதான் பாயசத்தோட திருப்தியாத் திங்கிறாரே. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.

ஆடி பதினொண்ணு அன்னிக்கு ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடத்துல ஒரு உடம்பு ஒதுங்குச்சுங்க. நாலஞ்சு நாள் தண்ணியில கெடந்தது, மூஞ்சி இல்ல. உங்க வீட்டுக்காரரான்னு என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டாங்க. உசரம் சரியா இருந்துச்சு. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஆமான்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்துச்சு, ஆமான்னுட்டேன். எரிச்சு, கருமாதி பண்ணி, செவத்துல இவரு படத்துக்கு மாலையும் போட்டாச்சு. அது எந்த ஊரு ஆம்பளையோ, தம்பி. அந்த வீட்டுல ஒருத்தி அந்த ஆளுக்குச் சோத்தை எடுத்து வச்சுக்கிட்டு இன்னும் உக்காந்திருப்பா. சீக்கிரம் பிரிண்டைப் போடுங்க.