ஒரு சிட்டிகை சாம்பிராணி

ஜெர்மனியில், ஹம் நகரத்துக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவர் ஊரில் சரித்திர ஆசிரியராக இருந்தவர். மறுநாள் அவருக்கு அகதி விசாரணை. மற்றவர் அவருடைய அறைத் தோழர்.

"ரோமாபுரியிலை எண்டால் நானும் செத்திருப்பன்," என்றார் ஆசிரியர்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"என்ன மாஸ்டர், காய்ச்சலோ?"

"சக்கரவர்த்தியின்ரை சிலைக்கு முன்னாலை ஒரு சிட்டிகை சாம்பிராணி போடோணும். மாட்டன் எண்ட கிறிஸ்தவரைக் கொண்டவங்கள்."

"நாங்களெண்டால் அவரின்ரை படத்தையும் பிள்ளையாருக்குப் பக்கத்திலை மாட்டிப் பொட்டும் வைச்சிருப்பம்."

ஆசிரியர் சிரித்தார். "ஒன்பதாம் வகுப்பிலை நானும் உப்பிடித்தான் பகிடி விட்டனான். முன்வாங்கிலை ஒரு பெட்டை, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும். 'நீங்களெண்டால் என்ன செய்வியள், சேர்?' எண்டு கேட்டது. 'போட்டிட்டு வீட்டை போய்ச் சோறு தின்னுவன்' எண்டனான். வகுப்பே சிரிச்சுது, அது மட்டும் சிரிக்கேல்லை."

"பிறகு?"

"பிறகு தோளிலை துவக்கோடை வந்தவை பள்ளிக்கூடத்திலை தங்கடை கொடியை ஏத்தச் சொன்னவை. கயிறு இழுக்கிற வேலைதான். கை போகேல்லை."

"அதை நாளைக்கு அப்பிடியே சொல்லுங்கோ. இந்த நாட்டிலை இருக்க விடுவினம்."

"ஒரு கயிறுதானே, ஏன் இழுக்கேல்லை எண்டு கேட்டால்?"



ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டை எண்டால் வடிவாய் விளங்கப்படுத்தும்."