பத்தாவது கேள்வி

என் கையெழுத்து நன்றாக இருக்கும் தம்பி, படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. நீங்கள் கொடுத்த தாள்தான் கொஞ்சம் மெல்லிசு, மை பின்பக்கம் ஊறுகிறது. அதனால் ஒரு பக்கம் மட்டுமே எழுதுகிறேன். இன்னும் நாலு தாள் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றதும் நரைத்த தலையும் சிடுமூஞ்சியுமாக ஒருவரை எதிர்பார்த்தேன். நீங்களோ என் மகளைவிட ஓரிரு வயதுதான் மூத்தவராக இருப்பீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். "கைதவறி வேற கோப்பை மாத்திட்டீங்களாம்மா? அப்படின்னா கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இத்தோட முடிஞ்சுடும்" என்றீர்கள். தங்கமான மனசு உங்களுக்கு. ஆனால் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நம் பதிவறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயருக்கு எதிரே கவனக்குறைவு என்று யாரும் எழுதியதில்லை. போகிற காலத்தில் நானே எழுதிக்கொள்வதா?

அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். ஒரு கோப்பு என்றால் அது முழுதாக இருக்க வேண்டும்.

தன் இறுதிச் சடங்கைத் தானே முன்கூட்டி ஏற்பாடு செய்துவைக்க நினைப்பவர்கள் நம்மிடம் வருகிறார்கள். ஒரு படிவம் கொடுக்கிறோம். என்ன உடை, எந்தப் பாட்டு, எரிப்பதா புதைப்பதா, வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம், செய்தி போக வேண்டிய இடங்கள் எவை. மனுஷர்கள் டாக்டரிடம் மறைப்பதைக்கூட இந்தப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேரின் குட்டு என் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வெளியே போனதில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். அவர் மனைவி தினமும் என்னோடுதான் பேருந்து ஏறுவாள். நான் மூச்சு விட்டதில்லை.

படிவத்தின் பத்தாவது கேள்வி நான் சேர்த்தது. நீங்கள் வேலைக்கு வருவதற்கு முந்தைய சங்கதி அது. ஒரு சடங்கில் இரண்டு பெண்கள் ஒரே பெட்டியின் இரண்டு பக்கமும் நின்று, நான்தான் பெண்டாட்டி என்று அழுதார்கள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன நம் ஓட்டுநருக்கு உதடு கிழிந்தது. அப்போது முதலாளியிடம் சொன்னேன்: யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறோமே, யாருக்குத் தெரிவிக்கக் கூடாது என்றும் கேட்டுவிட்டால் தலைவலி விட்டது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு சிறு கட்டம் போட்டு, 'காரணம், விருப்பமிருந்தால்' என்று அச்சிட்டதும் என் யோசனைதான்.

சென்ற வருடக் கடைசியில் நம் நிறுவனம் இன்னொரு சிறிய நிறுவனத்தை வாங்கியது. அவர்களும் நம் படிவத்தைத்தான் அப்படியே காப்பியடித்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் எண்பது பெட்டிகளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணினியில் ஏற்ற வேண்டியது என் பொறுப்பு. முப்பத்தோராவது பெட்டியில், ஒரு ஆஸ்பத்திரி தன் ஊழியர்களுக்காக மொத்தமாகப் பதிவு செய்திருந்த கட்டுக்குள், என் மகளின் படிவம் இருந்தது.

ஆறு வருடமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டு பையோடு கிளம்பிவிட்டாள். குளிர்சாதனப் பெட்டிமேல் 'தேடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்பீர்கள். அவள் டைரியைப் படித்தேன், அது உண்மை. படித்ததை யாரிடமாவது சொன்னேனா? அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்த பையனிடம் பேசி அவனை வராமல் செய்தேன். அவள் வேலை பார்த்த இடத்து வாசலில் மாலையில் காத்திருந்து அழைத்து வந்தேன். பெற்றவள் செய்கிறதுதானே. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது, ஆனாலும் எனக்குக் குட்டிதான்.

படிவத்தில் எல்லாம் இருந்தது. முகவரி, அவள் செய்யும் வேலை, கூடக் குடியிருக்கும் பெண்ணின் பெயர். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையாம், நல்ல வேலை. பத்தாவது கேள்விக்கு எதிரே 'அம்மா' என்று எழுதியிருந்தாள். காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'வந்துவிடுவார்'.

என் கேள்விக்கு என் மகள் எழுதிய பதில். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அந்தக் கோப்பை நாற்பத்தொரு முறை திறந்திருக்கிறேன் என்று உங்கள் கணினி சொல்கிறது. நாற்பத்தொன்று சரியான எண்ணிக்கைதான். திருடுவதற்காகத் திறக்கவில்லை. அவள் கையெழுத்து என்னுடையதைப் போலவே இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் திறந்தேன். அவள் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் எழுத்து, என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் எழுத்து. அதனால்தான் நாங்கள் தாயும் மகளும் என்பது உங்களுக்குப் பிடிபடவில்லை.

நான் போய் நின்றால் மறுபடி ஊரை மாற்றிவிடுவாள். அது எனக்குத் தெரியும். அவளாக வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லும் என்று புரிந்தது. நம் நிறுவனத் தாளில், வழக்கமான வாசகத்தில், அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். உங்கள் தாயார் காலமானார், அவர் விருப்பப்படி சடங்கு எளிமையாக முடிந்தது, வீட்டிலுள்ள உங்கள் பொருட்களை எடுத்துக்கொள்ளலாம், சாவி இத்துடன். அப்படி ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தாள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் நின்று, கூடக் குடியிருக்கும் அந்தத் தோழிக்குப் போன் செய்தாள். "வந்துட்டேன்டி. ஆமா, நிஜமாவே முடிஞ்சுபோச்சு. இனிமே ராத்திரி எழுந்து எழுந்து பூட்டைப் பாக்க வேண்டாம்" என்றாள். போனை வைத்த பிறகு அழுதாள். அது எனக்காக அழுத அழுகை. என் காதால் கேட்டேன், ரொம்ப நேரம் அழுதாள். என் மேல் பாசம் இல்லை என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "சாப்பிட்டியா குட்டி?" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ செத்துட்டேன்னு லெட்டர் வந்துச்சு" என்றாள்.

"அப்படி எழுதலைன்னா வந்திருப்பியா?"

எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தாள், தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் ஒன்றைக் கரைத்திருந்தேன். பயணக் களைப்பில் வந்தவள், தூங்கட்டுமே என்றுதான். அவளுடைய பழைய அறையிலேயே படுக்க வைத்தேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் முன்பே போட்டு வைத்திருந்தேன், காற்றில் கதவு சும்மா அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலை மறைத்து இரும்பு அலமாரி நிற்கிறது. அலமாரிக்கு அந்த வீட்டில் வேறு இடமில்லை.

முதல் சில நாள் கதவைத் தட்டினாள். பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை, பகலெல்லாம் ரம்பம் ஓடும். மாலையில் நான் வந்துவிடுவேன். "அம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கதவை மட்டும் திற" என்பாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது நான் பேசுகிற பேச்சு. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவளுக்கு மூடிய அறை புதிதும் அல்ல. காது சோதிக்கும் அறை சத்தம் புகாத அறைதானே, அதில் நாளெல்லாம் இருந்து பழகியவள்.

ஆனால் வெளியிலிருந்து தொந்தரவு நிற்கவில்லை. நான் எடுத்து வைத்திருந்த அவள் போன் ஓயாமல் அடித்தது. அவளைப் போலவே பதில் எழுதி எழுதிச் சமாளித்தேன். இன்னும் நாலு நாள், வீட்டு வேலை முடியவில்லை என்று. ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்பு எப்போது முடியும் என்று கேட்டார்கள். ஒருநாள் அதிகாலையில் அவள் ஜுரத்தில் முனகிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிவாயிற்று. இந்த ஆட்கள் விட மாட்டார்கள். அவளை நிம்மதியாக இருக்க விட வேண்டுமென்றால் அவர்கள் எல்லோருக்கும் ஒரு முடிவு தெரிய வேண்டும்.

அதற்குரிய ஏற்பாடு நம்மிடம்தான் இருக்கிறதே. கோப்பின் நிலையை 'முடிந்தது' என்று மாற்றினால் போதும். வாடிக்கையாளர் குறிப்பிட்ட எல்லா இடங்களுக்கும் கடிதம் தயாராகி வந்துவிடும். மருத்துவச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும். நம் அலமாரியில் சான்றிதழுக்கா பஞ்சம்? அவள் வயதையொத்த ஒரு பெண் அதற்கு முந்தின மாதம் இதயம் நின்று போயிருந்தாள். அந்தச் சான்றிதழை நகலெடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றினேன். அந்தப் பெண்ணிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே தம்பி, நீங்கள் நினைத்தது போல நான் தப்பான கோப்பை மாற்றவில்லை. சரியான கோப்பைத்தான் மாற்றினேன்.

கடிதங்கள் மொத்தம் பத்தொன்பது. வங்கி, வீட்டுச் சொந்தக்காரர், போன் நிறுவனம், ஆஸ்பத்திரி, நூலகம், பல் டாக்டர், தோழி, இன்னும் சில சிநேகிதர்கள். பத்தாவது கேள்வியை மதித்து, அம்மாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. வாடிக்கையாளர் விருப்பத்தை நான் ஒருநாளும் மீறியவள் அல்ல.

அவள் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் பதில் எழுதினார். ஆஸ்பத்திரியிலிருந்து அழகான இரங்கல் கடிதம் வந்தது, பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு. அதைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அன்றிலிருந்து அவள் கதவைத் தட்டுவதில்லை. சொன்ன நேரத்துக்குத் தட்டை வாங்கிக்கொள்கிறாள், சொன்ன நேரத்துக்குப் படுக்கிறாள். சின்ன வயதில் இருந்த மாதிரியே ஆகிவிட்டாள். போன வாரம் தலை வாரிவிட்டேன். தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தோழி இப்படிக் கிளம்பி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் வீட்டு முகவரியை என் மகள் அவளிடம்கூடச் சொன்னதில்லை, அவ்வளவு ரகசியம் காத்திருக்கிறாள். ஆனால் கடிதத்தின் தலைப்பில் நம் நிறுவனத்தின் முகவரி இருக்கிறதே. திங்கட்கிழமை கவுன்ட்டருக்கு வந்து நின்றாள். பெரிய கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். நான் பதிவறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. "அவ உடம்ப யாரு பாத்தீங்க? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, போதும்" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கவுன்ட்டர் பெண், உடல் எடுத்துவரப் போகும் வண்டியின் பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் வண்டி எங்கும் போகவில்லை.

அங்கேதான் அகப்பட்டேன். வண்டிப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் இன்று இங்கே வந்திருக்க மாட்டீர்கள். அது நினைவில்லாமல் விட்டதல்ல. அது ஓட்டுநருடைய பதிவேடு. அடுத்தவர் பதிவேட்டில் கை வைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

காலை பத்து மணியிலிருந்து இந்த அறையில் இருக்கிறேன். வாடிக்கையாளர் குடும்பங்களை உட்கார வைக்கும் அறை இது. ஜன்னல் இல்லை, மாதிரி அஸ்திக் கலசங்கள் நாலு, முகம் துடைக்கக் காகிதம் ஒரு பெட்டி. போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டு முறை தட்டினேன், யாரும் வரவில்லை. காற்றே இல்லை, நெஞ்சு படபடக்கிறது. ஒரு மனுஷியை இப்படியா அடைத்து வைப்பது? இது பெரிய தப்பு தம்பி. நீங்கள் வந்ததும் நேரிலேயே சொல்வேன்.

இந்தத் தாளின் அடியில், இதன் நகல் யாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதலாளிக்கு அனுப்புங்கள், வேறு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். என் மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். ஐந்தரை மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும் என்று அவள் உட்கார்ந்திருப்பாள். காலையில் வைத்த ஒரு வேளைச் சாப்பாடுதான், தண்ணீரும் ஒரு குவளைதான். சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை தம்பி. அந்தப் பத்தொன்பது கடிதங்களையும் நானே சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன்.