தங்கப் பெயின்ட் அடித்த கைப்பிடி

"மக்களுக்காக உழைத்தவர்களுக்குச் சாவே கிடையாது!" என்று மேடையில் முழங்கினார் ஊர்மன்றத் தலைவர். சொன்னது அன்று ராத்திரியே பலித்துவிடும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பார்.

கரண்ட் போன சலவைக் கடையில், ஆறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தவர்களிடம் கடைக்காரர் இதைச் சொன்னார். தலைவர் அவருடைய சகலைக்கு அண்ணன். வெளியே மழை.

"அளந்து விடாதீங்கண்ணே," என்றது இருட்டிலிருந்து ஒரு குரல்.

"அளக்கறதுக்கு நான் என்ன தையக்காரனா? பேசாம கேளு."

தலைவர் மேடையில் புகழ்ந்த அந்த இறந்தவர் ஒரு விவசாயி. மதகுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மழை வலுத்தால் போதும், சொந்த வயலை அப்படியே விட்டுவிட்டு, இரும்புக் கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு வடிகால் மதகுக்குக் கிளம்பிவிடுவார். அதைத் திருகுத்தண்டில் மாட்டிச் சுற்றினால் மதகுப் பலகை ஏறும். பள்ளத்தெருவில் தேங்கிய தண்ணீர் ஆற்றுக்குப் போகும். ஆயுள் முழுக்க அதே வேலை. வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான். மீதியைக் கதிரடிக்கும் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. மன்றக் கூட்டங்களில் அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: "டார்ச் பிடிக்க ஒரு ஆள் வந்தா தேவலைங்க." ஒவ்வொரு தடவையும் மன்றம் அதைக் கனிவோடு பரிசீலித்தது. ஒருவரும் போகவில்லை.

அவர் போன பிறகு மன்றத்துக்குப் பாசம் பொங்கியது. அந்தக் கைப்பிடியை மன்ற வாசலில் கான்கிரீட் பீடத்தில் நிறுத்தி, தங்கப் பெயின்ட் அடித்து, நினைவுச் சின்னமாக்கினார்கள். ஊரில் இருந்ததே அந்த ஒரு கைப்பிடிதான். இனி மதகை எதைக் கொண்டு திறப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்வெட்டில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்பதைப் பேசி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

திறப்பு விழாவில் தலைவர் குரல் தழுதழுத்தது. "அவரோடு தோளோடு தோள் நின்று எத்தனை ராத்திரி அந்த மதகைத் திறந்திருப்பேன்!" கைதட்டல். முதல் வரிசையில் தலைவரின் மனைவிக்கு மட்டும் இருமல் வந்தது.

நடுராத்திரி. கொட்டுகிற மழை. பள்ளத்தெருவில் கட்டிக்கொடுத்திருந்த மகள் போனில் அழுதாள். "அப்பா, கட்டில் வரைக்கும் தண்ணி வந்துருச்சு. குழந்தையைத் தூக்கிட்டு மேஜை மேல நிக்கிறேன். வாசக்கதவைத் திறக்க முடியலப்பா... மதகைத் திறங்கப்பா!"

தலைவர் மன்ற வாசலுக்கு ஓடினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், உதைத்தார், கட்டிக்கொண்டு தொங்கினார். கான்கிரீட் அசையவில்லை. எந்த வேலையிலும் உறுதி காட்டாத மன்றம் அதில் மட்டும் காட்டியிருந்தது. கடைசியில் ஒரு ஸ்பானரும் டார்ச்சுமாகக் கிளம்பினார்.

கரையோரப் பாதை. வீடு இல்லை, விளக்கு இல்லை. தவளைச் சத்தம்கூட... இல்லை.

பாதி வழியில் வாடை வந்தது. உழுத மண், கிரீஸ், காயாத பெயின்ட்.

அப்புறம் அந்தச் சத்தம். கிரீச்... சின்ன இடைவெளி... கிரீச். இரும்பு சுற்றும் சத்தம்.

மதகு மேடையில் யாரோ குனிந்திருந்தார்கள். தலைவர் டார்ச்சைத் தூக்கப் போனார்.

"மூஞ்சிக்கு வேணாம்ப்பா," என்றது குரல். "கீழ காட்டு. தண்டு மேல."

காட்டினார். மரை மரையாகத் தண்டு ஏறியது. ஒரு இருமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. காலடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஆற்றுக்குப் பாய்ந்தது. தலைவர் வெளிச்சத்தை ஒரு விரற்கடைகூட மேலே உயர்த்தவில்லை.

சத்தம் நின்றது. தோளில் ஒரு கை விழுந்தது... ஈரமாக, கனமாக.

"போதும்ப்பா. பேத்தி தூங்கட்டும்."

விடிந்தபோது பள்ளத்தெருவில் சேறு மட்டும் இருந்தது. மகளும் குழந்தையும் பத்திரம். மன்ற வாசலில் கைப்பிடி வைத்த இடத்திலேயே நின்றது. கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை. ஆனால் உள்ளங்கைகள் பிடிக்கும் இரண்டு இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, இரும்பு பளபளத்தது.

"தலைவர் சட்டை நம்ம கடைக்குத்தான் வந்துச்சு," என்றார் சலவைக்காரர். "தோள்ல தங்கக் கலர்ல கைத்தடம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன்... போகல. ஒரு விரல் மட்டும் பாதி."

வெளியே மழை இன்னும் வலுத்தது.

"அப்போ... தோளோடு தோள் நின்னேன்னு அவர் சொன்னது?" என்றது இருட்டுக் குரல், சன்னமாக.

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருந்தது.

"அன்னிக்கு ராத்திரி, மதகு எந்தப் பக்கம் இருக்குன்னு பொண்டாட்டியைக் கேட்டுட்டுத்தான் கிளம்பினாரு."