மாயாபந்தரில் தாழ்ந்து கேட்ட கம்பி

இந்த அவையை அமைதியால் ஆளும் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, கடல் கடந்து வந்து காடு திருத்திக் கழனி கண்ட பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டுப் பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி வந்திருக்கும் தாய்மார்களே, மொழியால் தமிழராகவும் முகவரியால் அந்தமானியராகவும் வாழும் என் உடன்பிறந்தோரே, யாருக்கோ பாராட்டு விழா என்பதுபோல் மேடையின் ஓர நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சுசீலா டீச்சர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் சலாமும்.

என் பெயர் நூருல்லா. மாயாபந்தரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் கீழக்கரை. பேச்சு என் தொழில் அல்ல. ஆனாலும் இன்று நான்தான் பேச வேண்டும் என்று சங்கத்தார் சொன்னார்கள். ஏன் தெரியுமா? நான் கரையிலிருந்து காணப்பட்டவன் அல்ல, கண்டு காப்பாற்றப்பட்டவனும் அல்ல. கேட்டுக் காப்பாற்றப்பட்டவன்.

ஒலிபெருக்கி நண்பரே, கொஞ்சம் பாருங்கள், கூவுகிறது. குறையுங்கள். இன்னும் குறையுங்கள். ஆ, இப்போது கேட்கிறதா, கடைசி வரிசைக்கு? கேட்கிறது என்கிறார்கள். கூட்டியபோது கேட்காதது குறைத்தபோது கேட்கிறது. ஐயா, நான் ஒரு மணி நேரம் பேச நினைத்ததை நீங்கள் ஒரே திருகில் சொல்லிவிட்டீர்கள். இருந்தாலும் விட மாட்டேன், பேசத்தான் போகிறேன்.

சென்ற ஆண்டு வைகாசி. மாயாபந்தர் துறையிலிருந்து டிக்லிப்பூருக்கு ஒரு படகு புறப்பட்டது. அரிசியும் மண்ணெண்ணெயும் என்னுடையவை. படகு, அதை ஓட்டும் சாரங்கு கோவிந்தராஜுடையது. சுக்கானைப் பிடித்தால் அலை அவர் சொல்வதைக் கேட்கும் என்று வடக்கு அந்தமான் முழுக்கப் பேச்சு. பயணிகளில் பொன்னம்மா என்ற பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். இடுப்பில் கைக்குழந்தை. இன்னொருவர் ஜெகநாதன், பொதுப்பணித்துறையில் ஓவர்சியர். அவருடைய மடியில் ஒரு மரப்பெட்டி.

அந்தப் பெட்டியில் என்ன? வானொலி. பாட்டுக் கேட்கும் வானொலி அல்ல, பேசும் வானொலி. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். அரசாங்க அனுமதி பெற்று, சொந்தக் கையால் கருவி செய்து, காசுக்காக அல்லாமல் காதலுக்காகக் காற்றோடு பேசுகிறவர்கள். ஜெகநாதன் அப்படி ஒருவர். மாயாபந்தர் பள்ளியில் அறிவியல் நடத்தும் சுசீலா டீச்சர் இன்னொருவர். அந்தி சாயும் நேரத்தில் இருவரும் தந்திக் குறியில் பேசிக்கொள்வார்கள். எண்பது மீட்டர் என்று ஓர் அலைவரிசை; நீளமான அலை. சூரியன் இறங்கினால்தான் அது கண்விழிக்கும். ஆனால் அதற்கு ஒரு சாபம் உண்டு. எங்கே இடி இடித்தாலும், எங்கே மின்கம்பியில் பொறி பறந்தாலும், அவ்வளவும் அந்த அலையில் ஏறி வந்துவிடும்.

டிக்லிப்பூர் போய்ச் சேரவில்லை எங்கள் படகு. புயல் வந்தது. எஞ்சின் நின்றது. சுக்கான் கட்டை திமிறிக் கோவிந்தராஜின் நெஞ்சில் அடித்தது. அடிபட்ட நெஞ்சோடு அந்த மனிதர் கட்டையை விடவில்லை. விட்டிருந்தால் நாங்கள் நடுக்கடலில் கவிழ்ந்திருப்போம். விடாததால் பெயர் தெரியாத ஒரு தீவின் பவளப் பாறையில் முட்டி நின்றோம். நாங்கள் ஒதுங்கிய கரையில் மணலும் தாழையும்தான்; பின்னால் இரண்டு குன்று, நடுவே ஒரு மொட்டைப் பாறை. ஊற்று இல்லை. தண்ணீர்ப் பீப்பாய் உடைந்துபோயிருந்தது. தார்ப்பாயில் தேங்கிய மழைநீர்தான் குழந்தைக்கும் குடிநீர், அடிபட்டவருக்கும் குடிநீர்.

எங்களைத் தேடினார்களா? தேடினார்கள். ஆனால் காற்று அடித்த திசையைக் கணக்கிட்டுத் தெற்கே தேடினார்கள். நாங்களோ நீரோட்டத்தில் இழுபட்டு வடக்கே கிடந்தோம்.

பாய்மரத்துக்கும் ஒரு மரத்துக்கும் நடுவே கம்பி கட்டினார் ஜெகநாதன். படகின் பேட்டரியை மணலில் தூக்கி வைத்தார். பொழுது சாய்ந்ததும் ஆபத்துக் குறியைத் தட்ட ஆரம்பித்தார். டிட் டிட் டிட், டா டா டா. பொன்னம்மா பிள்ளையை மார்போடு அணைத்தபடி அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இது அங்கிட்டு கேக்குதுங்களா?"

"தெரியலம்மா. அனுப்பறது என் கையில. கேக்கறது அவங்க கையில."

அன்று பதில் இல்லை.

அவையோரே, இப்போது உங்களை மாயாபந்தருக்கு அழைத்துப் போகிறேன். இதை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த என் மனைவி மெஹருன்னிசா சொல்லிக் கேட்டது. இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், பிசகினால் திருத்துவார்.

டீச்சர் வீட்டுக்கு மேலே வானளாவிய மரத்தில் வானளாவிய கம்பி. அதுதான் அவருடைய ஆண்டெனா. காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன கேட்கிறது? எண்ணெய் காய்ந்த சட்டியில் மூட்டைக் கடுகைக் கொட்டியதுபோல் இரைச்சல். தெற்கே புயலின் வால் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. அதே தெற்கில்தான் ஊரின் பவர் ஹவுசும். அந்த இரைச்சலுக்கு அடியில், மிக அடியில், ஏதோ ஒன்று. தாளம் போலவும் இருக்கிறது, மனப்பிரமை போலவும் இருக்கிறது.

டீச்சரின் கணவர் இராமகிருஷ்ணன் அந்தப் பவர் ஹவுசில்தான் எஞ்சினியர். அவர் சொன்னார்: "வேணும்னா ஜெனரேட்டரை பந்த் பண்ணச் சொல்றேன், சுசீ."

"ஆஸ்பத்திரியில விளக்கு எரியணும்ங்க. அதை நிறுத்தினாலும் இடி நிக்காது." ஒலிப்பானைக் கழற்றி வைத்தார். "உசரத்துல கட்டியிருக்கேன். அதனால எல்லாம் கேக்குது. எல்லாம் கேக்கறதால ஒண்ணுமே கேக்கல."

மறுநாள் காலை டீச்சர் என்ன செய்தார்? இன்னும் உயரமான மரத்தைத் தேடினாரா? இல்லை. இன்னும் பெரிய கருவி கேட்டாரா? இல்லை. வனத்துறைக் கிடங்கில் கிடந்த பழைய தொலைபேசிக் கம்பிச் சுருளைக் கேட்டு வாங்கினார். அதை வானத்தில் ஏற்றவில்லை. ஆளுயரத்தில், மூங்கில் குச்சிகளின் மேல், காட்டுக்குள் வடக்கு நோக்கி நேராக இழுத்துக்கொண்டே போனார். யானைகள் மரம் இழுக்கும் பாதை அது. யானைப்பாகன் சண்முகம் ஓடி வந்து மறித்தார்.

"மேடம், இது ஆனை ரோடு. மாலூம் ஹை நா, தெரியுமில்ல? கம்பி ஒரு நாள் தாங்காது."

"ஒரு சாயங்காலம் தாங்கினா போதும், சண்முகம். ஜெகநாதன் சாரும் கோவிந்தராஜும் அந்தப் பக்கம் உயிரோட இருக்காங்களான்னு கேக்கணும்."

சண்முகம் கம்பியைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், திரும்பினார். அன்று முழுக்க எந்த யானையும் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. மரம் அப்படியே கிடந்தது, வேலை அப்படியே நின்றது. பாதையின் முகப்பில் பாகன் தானே காவல் நின்றார்.

கம்பியின் வடக்கு முனையை என் மனைவி பிடித்திருந்தார். வழியில் வந்த வங்காளப் பெண் ஒருத்தி, என்ன செய்கிறீர்கள் அக்கா என்று கேட்டாளாம்: "க்யா கர் ரஹே ஹோ, தீதி?" இவர் சொன்னாராம்: "கான் லகா ரஹே ஹைன்." காது வைக்கிறோம் என்று. பாருங்கள், தலையாட்டுகிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த வடக்கு முனையில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு சிறு மின்தடையத்தை டீச்சர் இணைத்தார். விரல்நகம் அளவுதான் இருக்கும். அது என்ன செய்யும்? தெற்கிலிருந்து வரும் அலை கம்பி வழியே ஓடி, அந்த முனையில் மண்ணுக்குள் இறங்கி மாய்ந்துவிடும். வடக்கிலிருந்து வரும் அலை மட்டும் கம்பியோடு கம்பியாக நடந்து டீச்சரின் காதுக்கு வந்து சேரும். பேசத் தெரியாத கம்பி அது. அதை வைத்து ஒரு சொல்லும் ஒழுங்காக அனுப்ப முடியாது. கேட்க மட்டுமே பிறந்த கம்பி. கேட்பதிலும் கொஞ்சமாகவே கேட்கும் கம்பி.

அந்தி வந்தது. டீச்சர் உயரக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தாழக் கம்பியைப் பொருத்தினார். கருவியின் முகப்பில் துடித்துக்கொண்டிருந்த ஊசி செத்தாற்போல் கீழே விழுந்தது.

இராமகிருஷ்ணன் பதறினார். "ஊசியே அசையலையே. இதுல என்ன கேக்கும்?"

"ஊசி அசையலைங்க. அதனாலதான் கேக்குது."

கேட்டது, தாய்மார்களே, கேட்டது. கடுகு வெடிப்பு எங்கோ போய்விட்டது. கிணற்றடியில் சொட்டும் நீரைப்போல், மெல்ல, மிக மெல்ல, ஆனால் தெளிவாக, டிட் டிட் டிட், டா டா டா. என் மனைவி ஒலிப்பானில் காதை வைத்தார்.

"டீச்சர், இது அவுகளா?"

"இது ஜெகநாதன் சார் விரல், மெஹருன்னிசா. அவர் தட்டுற விதமே இதுதான். ஆள் ஆளுக்கு மாறும்."

குரலில் ஆளைத் தெரியும், நடையில் ஆளைத் தெரியும். கடலுக்கு அப்பால் ஒரு விரல் தட்டுவதில் ஆளைத் தெரியுமா? தெரியும் என்று அந்த வினாடியில் கண்டதாக என் மனைவி சொல்கிறார். படைத்தவன் எவ்வளவு பெரியவன், அவன் காற்றுக்குள் எத்தனை வழிகளை வைத்திருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது என்கிறார்.

டீச்சர் உயரக் கம்பியைத் திரும்பப் பொருத்திப் பதில் அனுப்பினார். பேச அது, கேட்க இது. எங்கள் மணற்கரையில் ஜெகநாதனின் கை சட்டென்று நின்றது. டீச்சர் தட்டியதை அழுதுகொண்டே எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார்: "கே ட் கி றே ன். எ ங் கே?"

படுத்துக்கிடந்த கோவிந்தராஜ் தலையைத் தூக்கினார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணே" என்றார் ஜெகநாதன்.

"ரெண்டு குன்று, நடுவுல மொட்டைப் பாறை. அதைச் சொல்லு. கடல் சார்ட்ல அடையாளம் தெரியும்." அவ்வளவுதான் சொன்னார். திரும்பத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட தீவுகள் ஒன்றா, இரண்டா? எங்கள் பேட்டரியோ இறங்கிக்கொண்டே வந்தது. விசையை அழுத்தியபடியே வையுங்கள் என்று தட்டிச் சொன்னார் டீச்சர். மூங்கில் சட்டத்தில் கம்பி சுற்றிய ஒரு வளையத்தைக் கருவியில் இணைத்து, மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் ஒலி அப்படியே மறைந்தது. அவருடைய முகம் மலர்ந்தது. ஏன்? அந்த வளையம் எந்தத் திசைக்கு முகம் காட்டி நிற்கும்போது செவிடாகிறதோ, அந்தத் திசையில்தான் ஆள் இருக்கிறார். ஒலி வந்து சொல்லாததை ஒலி மறைந்து சொன்னது.

"எதிர்த்திசையாவும் இருக்கலாமே?" என்றார் கணவர்.

"பின்னாலேர்ந்து வந்தா என் நீளக் கம்பி கேக்காதுங்க. வடக்குதான்."

வரைபடத்தில் கோடு போட்டார். கோடு போன வழியில், இரண்டு குன்றும் நடுவே பாறையுமாக ஒரே ஒரு தீவு. துறைமுக அதிகாரி நேரில் வந்தார், ஒலிப்பானை வாங்கிக் காதில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விசைப்படகை வடக்கே விடும்படி தம் ஆட்களிடம் சொன்னார்: "லாஞ்ச் நார்த் ஜாயேகா. தெற்கே போனவங்களை வாபஸ் வரச் சொல்லு."

காலையில் லாஞ்சு வந்தது. பொன்னம்மாவின் பிள்ளை பிழைத்தது. இப்போது நடக்கிறது, விழுகிறது, எழுகிறது. நான் பிழைத்தேன். ஜெகநாதன் பிழைத்தார். கோவிந்தராஜ் பிழைக்கவில்லை. லாஞ்சு கண்ணில் படுமுன்பே அவருடைய மூச்சு அடங்கிவிட்டது. அவரை அந்தத் தீவிலேயே அடக்கம் செய்தோம். அவருடைய மனைவி இந்திராணி அம்மா இந்த அவையில் இருக்கிறார். அம்மா, உங்கள் கணவர் கேட்பாரற்றுப் போகவில்லை. நாம் கேட்கப்பட்டோம் என்று தெரிந்த பிறகே போனார். அதை உங்கள் முன்னால் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

சபையோரே, நாம் யார்? கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் குடிகள். ஒரு தீவில் கதறினால் அடுத்த தீவுக்குத் தெரியாது. நமக்குப் பேச ஆள் உண்டு, மேடை உண்டு, மைக் உண்டு. கேட்க ஆள் உண்டா? கேட்பதற்கென்றே ஒரு கம்பி ஒவ்வொரு குடியேற்றத்திலும் வேண்டாமா? ஊர் இரைச்சலை விலக்கி, இடியின் இரைச்சலை விலக்கி, மெலிந்த குரலை மட்டும் பொறுக்கி எடுக்கும் காது வேண்டாமா? வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் கேளுங்கள். டீச்சர் வகுப்பு எடுக்கத் தயார். முதலில் படித்துத் தேர்வு எழுதி அனுமதி வாங்கியவர், வடக்கு முனையைப் பிடித்து நின்ற என் மனைவி மெஹருன்னிசா. கை தட்டுங்கள், அவருக்குக் கேட்கட்டும்.

நாளை நான் மாயாபந்தர் திரும்புகிறேன். அங்கிருந்து அரிசியோடு வடக்கே மறுபடியும் படகேறுகிறேன். பயமில்லையா என்று வழியில் பலர் கேட்டார்கள். உண்டு, ஐயா. கடலை அறிந்தவனுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? ஆனால் மனைவிக்கு அடுத்துத் தேர்வு எழுதி அனுமதி வாங்கியவன் நான்; இந்த முறை பெட்டி என் மடியில். அந்தி சாய்ந்ததும் நான் தட்டுவேன். மெஹருன்னிசா கேட்பார்.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நன்றி. செவி தருவது எவ்வளவு பெரிய கொடை என்று அறிந்தவன் சொல்லும் நன்றி. எல்லோரும் நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.